நகர நடுவிலா, தனி வளாகத்திலா?

லண்டனின் நடுவே 1826இல் தொடங்கப்பட்ட யுனிவர்சிட்டி காலேஜ் லண்டன் போன்ற நகரப் பல்கலைக்கழகத்தில், துறைக் கட்டடங்கள் பல தெருக்களில் பரவியிருப்பதால் ஊரே வளாகமாகிவிடுகிறது. அருங்காட்சியகம், நீதிமன்றம், பகுதிநேர வேலை யாவும் எட்டும் தொலைவில் இருக்கும். ஆனால் முதலாண்டுக்குப் பின் பலர் விடுதியை விட்டு, வாடகை குறைந்த புறநகரில் அறை எடுத்து ரயிலில் வந்துபோவதால், வகுப்பு முடிந்ததும் கலைந்துவிடுகிறார்கள். நட்பை நாமே தேடிப் போக வேண்டும். இங்கிலாந்தின் கோவென்ட்ரி நகர விளிம்பிலுள்ள வார்விக் பல்கலைக்கழகம் போன்ற தனி வளாகத்திலோ நூலகமும் விடுதியும் நடைதூரத்தில் இருப்பதால் பழக்கம் தானாக வளரும் (சில மாதங்களில் சலிப்பும்தான்). சட்டமோ இதழியலோ படிப்பவருக்கு, பயண நேரம் கட்டுப்படியாகுமானால், நகரத்தையே பரிந்துரைப்பேன்.