மூட் சார்ட்: காகிதமா, ஆப்பா?

பைபோலாருக்கோ (மனம் அளவுமீறி எழுவதும் தாழ்வதும் மாறி மாறி வரும் நோய்) டிப்ரஷனுக்கோ சிகிச்சையில் இருக்கும் பதின்வயதுப் பிள்ளையிடம் “தினமும் மூட் சார்ட் போட்டுக் கொண்டு வா” என்று, அதாவது அன்றன்றைய மனநிலையைக் குறித்து வரச் சொல்லி, டாக்டர் கேட்டதும், நோட்டா போனா என்ற கேள்வி வரும். எங்கள் சாய்வு காகிதத்தின் பக்கம்.

ஆப்பின் வசதிகள் எல்லோருக்கும் தெரிந்தவை: நினைவூட்டும், வரைபடம் போடும். டேலியோ போன்ற பொது ஆப்பில் ஐந்து முகங்களில் ஒன்றைத் தொட்டால் போதும். சிக்கலும் அதுதான். இந்த வயதில் டிப்ரஷன் பல நேரம் சோகமாக வராமல் எரிச்சலாக வரும். ஒரே நாளில் சோர்வும் படபடப்பும் சேர்ந்தும் வரும். ஒற்றை முகத்தில் அது அடங்காது. பைபோலாருக்கென்றே செய்த ஈமூட்ஸ் இவற்றைத் தனித்தனியாகக் கேட்கிறது. ஆப்தான் வேண்டுமென்றால் அதை எடுங்கள்.

காகிதத்தை நாங்கள் தேர்ந்தெடுக்க முக்கியக் காரணம், தூக்கமும் மனநிலையும் ஒன்றன்கீழ் ஒன்றாக ஒரே பார்வையில் தெரிவது. ஒரு ஏ4 தாளைக் குறுக்காக வைத்து 31 கட்டம் போடுங்கள். மேல் வரிசையில் மனநிலை, -3 (மிகத் தாழ்ந்த மனம்) முதல் +3 (மிதமிஞ்சிய உற்சாகம்) வரை. அடுத்து எரிச்சல், 0 முதல் 3. அதன் கீழே தூங்கிய மணி நேரம், மாத்திரை, மாதவிடாய் நாள், கடைசியில் அன்றைய நிகழ்வு ஒரே சொல்லில்: ‘பரீட்சை’, ‘சண்டை’. நான்கு மணி நேரமே தூங்கியும் களைப்பில்லாமல் பிள்ளை துறுதுறுவென்று இருக்கும் நாட்கள் அடுத்தடுத்து வந்தால், மேனியா, அதாவது பைபோலாரின் அளவுமீறிய எழுச்சிக் கட்டம், தொடங்குகிறதோ என்று பார்க்க வேண்டும். பிளஸ் டூ படிக்கும் வீட்டில் இதை ‘ராத்திரியெல்லாம் கண் விழித்துப் படிக்கிறான்’ என்று மெச்சிக்கொள்வார்கள். ஓ.பி.யில் கிடைக்கும் சில நிமிடங்களில் டாக்டரின் கண் முதலில் போக வேண்டியது இந்தத் தூக்க வரிசைக்குத்தான்.

சார்ட் கெட்டுப்போவது பெரும்பாலும் ஒரே வழியில்: டாக்டரைப் பார்க்கப் போகும் முந்தைய இரவு, விட்டுப்போன பத்து நாளையும் சேர்த்து நிரப்புவது. விட்ட நாள் வெறுமையாகவே இருக்கட்டும். இரவுச் சாப்பாட்டுக்குப் பின் ஒரு நிமிடம் ஒதுக்கினால் போதும். பெற்றோர் வேறு மையில் தூக்கத்தையும் மாத்திரையையும் மட்டும் குறிக்கலாம். மனநிலை எண் பிள்ளையுடையது, அதைத் திருத்தக் கூடாது.

தாளின் பின்பக்கம் சமாளிப்புத் திட்டத்துக்கு. மனம் தெளிவாக இருக்கும் நாளில் பிள்ளையே எழுத வேண்டும். ‘மனதை அமைதியாக வைப்பேன்’ என்பது உதவாது. -1 என்றால் மொட்டைமாடியில் 10 நிமிட நடை. -2 என்றால் தனியாக இருக்காமல் அத்தைக்கோ நண்பனுக்கோ போன். +2 என்றால் பத்து மணிக்கு விளக்கணைத்து, போனை ஹாலில் வைத்து, மறுநாளே டாக்டரிடம் பேசுவது. -3 என்றாலோ, எந்த எண்ணில் இருந்தாலும் சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தாலோ, உடனே பெரியவர் ஒருவரிடம் சொல்வது. அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416 எந்நேரமும் எடுக்கும், தமிழிலும் பேசலாம். வீட்டிலுள்ள மாத்திரைகளும் பூச்சிமருந்தும் பூட்டுக்குள் இருக்க வேண்டும். இது பெற்றோர் வேலை.

விடுதியில் தங்கிப் படிக்கும் பிள்ளைக்கு இதே தீர்ப்பை அழுத்திச் சொல்லமாட்டோம். அறைத்தோழர் கண்ணில் படும் தாளைவிடப் பூட்டு போட்ட ஆப் அங்கே பொருந்தலாம். அப்போதும் மாதக் கடைசியில் அறிக்கையைப் பிரிண்ட் எடுத்து டாக்டரிடம் கொடுங்கள். திட்டத்தின் ஒரு நகல் பர்ஸில் இருக்கட்டும்.