வாட்ஸ்அப்பில் மார்னிங் குளோரி விதை வாங்குகிறவர்கள் கவனத்துக்கு

மாடித்தோட்ட வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு விளம்பரம் சுற்றிக்கொண்டிருக்கிறது. ஏழு நிற மார்னிங் குளோரி (காலையில் பூக்கும் ஒரு பூங்கொடி), ஒரு பாக்கெட் 180 ரூபாய், இருபது விதை, முளைக்கும் என்று உத்தரவாதம். கூடவே வானவில் மாதிரி ஒரே பூவில் ஏழு நிறமும் கோடு கோடாக இருக்கும் படம். அப்படி ஒரு பூ உலகத்திலேயே கிடையாது, அது கம்ப்யூட்டரில் தீட்டியது. அதற்குப் பக்கத்தில் போட்டிருந்த ஹெவன்லி ப்ளூ என்ற நீல ரகத்தின் படம் மட்டும் நிஜம். எனக்கு வேண்டியதும் அந்த நீலம்தான் என்பதால் மூன்று பாக்கெட் சொன்னேன். பணம் ஜிபேயில் முன்கூட்டியே போனது.

வந்தது ஜிப் கவர். ஒரு ஸ்டிக்கரில் பூப்படம், அவ்வளவுதான். நிறுவனத்தின் பெயர் இல்லை, விலாசம் இல்லை, எந்த மாதம் பேக் செய்தது, எதுவரை முளைக்கும், எவ்வளவு சதவீதம் முளைக்கும் என்று ஒரு வரி இல்லை. கூரியர் கவரில் அனுப்பியவர் இடத்தில் ஊர்ப் பெயரும் ஒரு செல் நம்பரும் மட்டும். விதையைச் சின்னப் பிள்ளைகள் வாயில் போட்டால் ஆகாது என்ற எச்சரிக்கையும் இல்லை. மார்னிங் குளோரி விதையில் நச்சு உண்டு, வீட்டில் பிள்ளைகள், ஆடு, மாடு இருந்தால் கைக்கு எட்டாமல் வைக்க வேண்டும்.

இனி விதையைப் பார்க்கலாம், ஏனென்றால் ஏமாற்று முழுக்க அதில்தான் இருக்கிறது. மார்னிங் குளோரி விதை பெரும்பாலும் கருப்பு, ஐந்து மில்லிமீட்டர் அளவு, ஒரு பக்கம் உருண்டு மறுபக்கம் விளிம்பு கட்டி ஆரஞ்சுச் சுளை வடிவத்தில் இருக்கும். எனக்கு வந்த இரண்டு பாக்கெட்டில் இருந்தவை நீளவாக்கில், தட்டையாக, வழவழவென்று பழுப்பும் கருப்பும் கலந்திருந்தன. கேட்டதற்கு "இது ஹைப்ரிட் அக்கா, ஷேப் அப்படித்தான் இருக்கும்" என்று பதில் வந்தது. சரி என்று போட்டுப் பார்த்தேன். மார்னிங் குளோரி முளைத்தால் முதல் இரண்டு இலையும் நுனியில் ஆழமாகப் பிளந்து நிற்கும். இதில் அந்தப் பிளவே இல்லை. அப்புறம் கொடி ஏற ஏற ஒரே காம்பில் ஐந்து, ஏழு என்று சிற்றிலைகள் வந்தன. பூத்தபோது சந்தேகமே இல்லை, சங்குப்பூ! நம்மூரில் பாதி வீட்டு வேலியில் சும்மா கிடப்பதை நான் ஒரு விதை ஒன்பது ரூபாய்க்கு வாங்கியிருக்கிறேன்.

மூன்றாவது பாக்கெட்டில் அசல் விதைதான், ஆனால் செத்த விதை. மேல்தோல் கெட்டி என்பதால் நகம் தேய்க்கும் அரத்தால் லேசாக உரசி, இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறவைத்துப் போட்டேன். ஒன்றும் வரவில்லை. தொட்டி மண்ணைக் கிளறி ஒன்றை எடுத்து விரலால் அழுத்தினால், உள்ளே பருப்புக்குப் பதில் கூழாகப் பிதுங்கி நாற்றமடித்தது.

விற்றவரின் அடுத்த பதில்: "உங்க மண்ணு சரியில்ல அக்கா, மதுரை வெயிலுக்கு இது தாங்காது." நான் விதைத்தது கார்த்திகை மாதம், மழை ஈரம் மாடியில் காயாத நேரம். திருமங்கலத்தில் சித்தி வீட்டுக் கொடியில் காய்ந்த விதை கொஞ்சம் வாங்கிவந்து அதே தொட்டியில், அதே செம்மண், தொழுவுரக் கலவையில் போட்டேன். ஒரு வாரத்துக்குள் பிளந்த இலையோடு எட்டிப்பார்த்தன. போட்டோ அனுப்பினேன். அதற்குப் பதில் இல்லை, ஆனால் "க்ரோத் பூஸ்டர்" வாங்கச் சொல்லி ஒரு விலைப்பட்டியல் வந்தது, 250 ரூபாய்.

இந்த பூஸ்டரை எங்கள் தெருவில் ஒருவர் வாங்கியிருந்தார். வெள்ளைக் குருணை. டம்ளர் தண்ணீரில் போட்டுக் கலக்கினால் டம்ளர் ஜில்லென்று ஆகிறது. யூரியா கரைந்தால் அப்படித்தான் ஆகும், எனக்கு யூரியா என்றுதான் படுகிறது. அப்படியானால் மார்னிங் குளோரிக்கு அதைவிட வேண்டாத சரக்கு கிடையாது. யூரியா தருவது தழைச்சத்து, அது கூடினால் கொடி இலையாக மண்டுமே தவிர பூக்காது. நல்ல வெயில் படும் இடமும் சுமாரான மண்ணும் போதும்.

பணத்தைக் கேட்டதும் என்னை பிளாக் செய்துவிட்டார்கள். நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிந்திருக்கிறேன். ஜிபே ரசீது, சாட் ஸ்கிரீன்ஷாட், கூரியர் கவர் மூன்றும் கையில் இருப்பதால் பதிவது சுலபமாக இருந்தது. பணம் இன்னும் வரவில்லை. யாராவது இதே ஆளிடம் வாங்கியிருந்தால் கவரைத் தூக்கிப் போடாதீர்கள். இனிமேல் வாங்குவதானால் விதையை உள்ளங்கையில் வைத்து எடுத்த போட்டோவை முதலில் கேளுங்கள், பூப்படத்தை அல்ல. பார்சலைப் பிரிக்கும்போது வீடியோவும் எடுத்துக்கொள்ளுங்கள்.

நேற்று வேறொரு குழுவில், வேறு பெயரில், அதே செல் நம்பர். இந்த முறை வானவில் தாமரை விதை, பத்து விதை 299 ரூபாய்.