ஆறு வருடம், ஒரே ஏர் ரைஃபிள்: பெல்லட் படுத்திய பாடு

ஊட்டி காந்தலில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு பழைய விறகுக் கொட்டகை உண்டு. சுவரோடு சுவர் அளந்தால் பத்து மீட்டருக்குக் கொஞ்சம் மேல். ஆறு வருடமாக அங்கேதான் பயிற்சி. அதே ஸ்பிரிங் பிஸ்டன் ஏர் ரைஃபிள்தான், ஸ்பிரிங் விசையில் காற்றை அழுத்திச் சுடும் வகை. முதல் இரண்டு வருடம் ஸ்கோர் ஏறவே இல்லை. மூச்சு சரியில்லை என்று நினைத்தேன், ட்ரிகரை நோண்டினேன், குறி பார்க்கும் சைட்டையும் மாற்றினேன். பெல்லட்மேல், அதாவது அந்தச் சின்ன ஈயக் குண்டின்மேல், சந்தேகமே வரவில்லை.

பத்து மீட்டர் ரைஃபிள் இலக்கு அட்டையில் நடுப்புள்ளி அரை மில்லிமீட்டர்தான். ஒரு வளையத்துக்கும் அடுத்ததற்கும் 2.5 மி.மீ. இடைவெளி. அவ்வளவு விலகினாலே ஒரு மதிப்பெண் போய்விடும்.

ஒரு நாள் கடையில் வாங்கிய மலிவு டப்பாவைச் செய்தித்தாளில் கொட்டி, டியூப் லைட் வெளிச்சத்தில் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். பெல்லட்டின் பின்பக்கம் பாவாடை மாதிரி விரிந்திருக்கும், அதை ஸ்கர்ட் என்போம். பத்தில் மூன்றுக்கு அது நசுங்கி முட்டை வடிவமாகக் கிடந்தது. சிலவற்றில் ஈயப் பிசிறு. மச்சானுடைய நகைப் பட்டறைத் தராசில் நிறுத்தால் 0.48 கிராமிலிருந்து 0.55 வரை ஓடியது.

எடை வித்தியாசத்தைவிட ஸ்கர்ட் நசுங்கல்தான் பெரிய வில்லன் என்பது என் அனுபவம். சுடும்போது காற்றழுத்தம் ஸ்கர்ட்டை விரித்துக் குழலோடு ஒட்டவைக்கிறது. ஒரு பக்கம் மடங்கியிருந்தால் காற்று அந்தப் பக்கமாகக் கசியும், பெல்லட் கோணலாக வெளியேறும். கண்ணாடித் தகட்டில் உருட்டிப் பாருங்கள்: நல்லது சீராக வளைந்து ஓடும், கெட்டது தத்தித் தத்திப் போகும்.

சரி, போட்டிக்கென்றே செய்யும் மேட்ச் பெல்லட் வாங்கினேன். மணல் பைமேல் உள்ளங்கை, அதன்மேல் ரைஃபிள் என்று வைத்து ஐந்தைந்தாகச் சுட்டேன் (ஸ்பிரிங் ரைஃபிளைப் பட்டறை வைஸில் இறுக்கிவிடாதீர்கள், உதைப்பு மாறி எல்லாம் தப்பாகும்). மலிவு டப்பாவில் 13 மி.மீ. பரவிய குரூப் (ஐந்து குண்டும் பட்ட துளைக் கூட்டம்), இதில் 6 மி.மீட்டருக்குள் அடங்கியது. அந்த ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை.

எச் அண்ட் என் கம்பெனியின் ஃபினாலே மேட்ச் பெல்லட்டில் 4.49, 4.50, 4.51 மி.மீ. என்று தலை அளவு கிடைக்கும். என் குழலுக்கு 4.50 பிடித்திருக்கிறது. அதே மாடல் வைத்திருக்கும் நண்பருக்கு 4.51. சுட்டுப் பார்த்தால்தான் தெரியும். பிடித்தது கிடைத்துவிட்டால் அதே லாட் (ஒரே தடவையில் தயாரான தொகுதி) எண்ணில் நான்கைந்து டப்பா வாங்கி வைத்துவிடுங்கள்.

நம் மலைக்கென்று இரண்டு விஷயம். ஜூலை ஈரத்தில் ஈயத்தின்மேல் வெள்ளைப் பொடி படரும், டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலம் போடுங்கள். டிசம்பர், ஜனவரி உறைபனிக் காலையில் முதல் பத்துக் குண்டு குறிக்குக் கீழே பட்டால் பெல்லட்டைத் திட்ட வேண்டாம், உள்ளே கிரீஸ் இறுகியிருக்கும். அந்தப் பத்தை நான் கணக்கிலேயே சேர்ப்பதில்லை.

அப்புறம், பெல்லட்டை வாயில் கவ்விக்கொள்ளும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. ஈயம், தயவுசெய்து வேண்டாம். சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டுத்தான் டீ குடிக்கப் போகிறேன்.

என் லாட்டில் இன்னும் இரண்டு டப்பா பாக்கி இருக்கிறது. மழை விட்டதும் அடுத்த லாட்டை இதோடு ஒரே அட்டையில் பக்கத்துப் பக்கத்தில் சுட்டுப் பார்க்க வேண்டும்.