துருக்கியிலிருந்து ஜெர்மனிக்கு லாரிச் சரக்கு: டி1, டிஐஆர், எல்லையிலேயே சுங்கம் – எது தோது?

இஸ்தான்புல்லில் டி-ஷர்ட் ஏற்றிய லாரி, துருக்கி எல்லைச் சாவடியான கபிக்குலே தாண்டி பல்கேரியாவின் கபிதான் அந்திரேவோவில் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் நுழைகிறது. வரியை அங்கேயே கட்டுவதா, மியூனிக்கிலா என்பது சரக்கு ஏறும் முன்பே முடிவாகியிருக்க வேண்டும்.

முழு லாரியும் ஒரே ஆளுக்கு என்றால் டி1தான் சரி. வழியில் வரி கட்டாமல், சேருமிடம் வரை சரக்கைக் கொண்டுபோக உதவும் சுங்க ஆவணம் அது. இதற்கான ஐரோப்பாவின் பொது டிரான்சிட் (இடைவழிப் போக்குவரத்து) ஏற்பாட்டில் துருக்கி 2012 டிசம்பரில் சேர்ந்தது. அதனால் இஸ்தான்புல்லில் திறந்த ஒரே டி1 மியூனிக் வரை செல்லும். 2016 முதல் செர்பியாவும் உள்ளே இருப்பதால் அந்த வழியே போனாலும் புதிய தாள் வேண்டாம். டி1ஐத் திறப்பவர்தான் வரிப் பாக்கிக்குப் பொறுப்பு. அவருடைய உத்தரவாதத் தொகை அதற்குக் கட்டுப்பட்டிருக்கும். இங்கே அடிக்கடி நடக்கும் கோளாறு ஒன்று உண்டு: டிரைவர் சுங்க அலுவலகத்துக்குப் போகாமல் நேரே கிடங்கில் சரக்கை இறக்கிவிடுவார். சீல் உடைந்திருக்கும், டி1 மூடப்பட்டிருக்காது. விசாரணை தொடங்கும், உத்தரவாதம் விடுபடாது, வரிக் கோரிக்கை திறந்தவர் தலையில் விழும். சேர வேண்டிய சுங்க அலுவலகத்தின் முகவரியை டிரைவரிடம் எழுத்தில் கொடுங்கள். வாங்குபவர் அங்கீகாரம் பெற்ற பெறுநராக, அதாவது டி1 சரக்கைத் தன் இடத்திலேயே பெறச் சுங்கத்துறை அனுமதித்தவராக, இருந்தால் கிடங்கிலேயே முடிக்கலாம்.

டிஐஆர் கார்னே, அதாவது சீல் வைத்த லாரி பல நாட்டு எல்லைகளைக் கடக்க உதவும் சர்வதேசச் சுங்க ஆவணம், இந்தத் தடத்துக்குத் தேவையற்ற சுமை. லாரிக்கு இரண்டாண்டு செல்லும் அங்கீகாரச் சான்று வேண்டும், தார்ப்பாய்க் கயிறுவரை சோதிப்பார்கள், ஒன்றியத்துக்குள் காகிதத்தோடு மின்னணுப் பதிவும் கட்டாயம். கஜகஸ்தான், ஈரான் போல டி1 செல்லாத நாடுகளிலிருந்து வரும் சரக்குக்கு அது ஈடில்லாத வழி. ஒன்றியத்துக்குள் கார்னே ஒன்றுக்கு 1,00,000 யூரோ வரை உத்தரவாதம் உண்டு.

ஒரே லாரியில் பல நாட்டு வாடிக்கையாளர்களின் சரக்கு இருந்தால் சுங்க வேலையை எல்லையிலேயே முடிப்பது நல்லது. சரக்கு உடனே வேறு உறுப்பு நாட்டுக்குப் போவதால் 42ஆம் நடைமுறை என்ற சுங்க ஏற்பாட்டில் பல்கேரியாவின் 20% மதிப்புக் கூட்டு வரியைக் கட்ட வேண்டியதில்லை. பெறுபவர் தம் நாட்டில் கணக்குக் காட்டுவார். அவருடைய வரி எண் அன்றைய தேதியில் செல்லுபடியாகிறதா என்று பார்த்துவிடுங்கள். செல்லாத எண்ணுக்கு இந்தச் சலுகை கிடையாது.

எந்த வழியானாலும் ஏ.டி.ஆர். (A.TR) சான்று, அதாவது துருக்கி–ஐரோப்பிய ஒன்றியச் சுங்கக் கூட்டமைப்பின்படி சுங்க வரி விலக்குப் பெறும் சான்று, வேண்டும். அது கொடுக்கப்பட்ட நாளிலிருந்து நான்கு மாதம் செல்லும். 40,000 யூரோ மதிப்புள்ள டி-ஷர்ட்டுக்கு அது இல்லையென்றால் 12% சுங்கம், அதாவது 4,800 யூரோ. உலர் அத்தி போன்ற வேளாண் பொருளுக்கு ஏ.டி.ஆர். உதவாது, பிறப்பிடச் சான்று கேளுங்கள்.