மார்புத் தசையா, தொடைத் தோலா?

புற்றுநோய்க்காகக் கதிர்வீச்சு வாங்கிய கழுத்தில் குரல்வளையை எடுக்கும்போது பெரிய பயம் ஒன்று உண்டு: தொண்டைத் தையல் விட்டு, எச்சில் கழுத்துத் தோல் வழியாகக் கசிவது. கதிர்வீச்சு நுண் ரத்தக்குழாய்களைக் கெடுத்துவிடுவதால் அந்தத் திசு சீக்கிரம் ஆறாது. அதனால்தான் கதிர்படாத திசுவை மார்பிலிருந்தோ தொடையிலிருந்தோ கொண்டுவந்து வைக்கிறார்கள். அந்தத் திசுத் துண்டுக்கு மடல் என்று பெயர்.

மார்புத் தசை மடலை 1979-ல் ஸ்டீபன் அரியன் விவரித்தார். தன் ரத்தக்குழாயோடு சேர்த்தே கழுத்துக்குத் திருப்புவதால் நுண்ணோக்கி வேண்டாம், நேரமும் குறைவு. எச்சில் கசிந்தாலும் கழுத்துத் தமனியின் மேல் தடித்த போர்வையாகக் கிடக்கும். அந்தத் தமனி வெடித்தால் உயிருக்கே ஆபத்து என்பதால் இது சின்ன விஷயமில்லை. கழுத்து புடைத்துத் தெரியும், தோள் பலம் கொஞ்சம் குறையும்.

தொடை மடலைச் சுருட்டித் தொண்டைக் குழாயையே புதிதாக அமைக்கலாம். ஆனால் அதைத் தொடையிலிருந்து முழுவதுமாக வெட்டியெடுப்பதால், அதன் சில மில்லிமீட்டர் அகல ரத்தக்குழாய்களைக் கழுத்து ரத்தக்குழாய்களோடு நுண்ணோக்கியில் தைக்க வேண்டும். அங்கே ரத்தம் உறைந்தால் மடல் முழுவதும் போய்விடலாம். முதல் சில நாட்கள் ரத்த ஓட்டத்தை அடிக்கடி சோதிப்பார்கள்.

தொண்டைச் சுவர் போதுமான அளவு மிஞ்சி, உடலும் நலிந்திருந்தால் மார்புத் தசையே நல்லது என்பேன். சுவர் முழுவட்டமாகப் போயிருந்தால் தொடைதான். எதுவானாலும் சரி, அறுவைக்கு முன்பே ரத்தத்தில் தைராய்டு ஹார்மோன் அளவையும் ஊட்டச்சத்து நிலையையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். இரண்டில் எது குறைந்தாலும் புண் ஆறத் தாமதமாகும்.