மேலுரம்: நாள் பார்த்தா, இலை பார்த்தா?

நடவு நெல்லுக்கு மேலுரமாக, அதாவது நட்ட பிறகு, யூரியாவை எப்போது போடுவது என்று குழம்புகிறவர்களுக்காக இது. நட்ட நாளை எண்ணிப் போடும் நாள் கணக்கு ஒரு வழி. இலையின் பச்சையை இலை வண்ண அட்டையோடு ஒப்பிட்டுப் போடுவது இன்னொரு வழி.

செலவு: நாள் கணக்குக்குச் செலவே இல்லை. இலை வண்ண அட்டை, வெளிர் பச்சையிலிருந்து கரும்பச்சை வரை எண் போட்ட பட்டைகள் உள்ள சின்ன பிளாஸ்டிக் துண்டுதான், பல போகம் வரும்.

வேலை: நாள் கணக்கில் தூர் கட்டும்போது, கதிர் உருவாகும்போது என்று தவணை முன்பே முடிவாகிவிடும். அட்டைக்கு நட்ட 14ஆம் நாளிலிருந்து பூக்கும்வரை வாரம் ஒருமுறை வயலில் இறங்கணும். காலை 8 முதல் 10 மணிக்குள், பத்துச் செடிகளில் முழுதாக விரிந்த மேல் இலையை அட்டையோடு ஒப்பிடுங்கள். வெயில் இலையில் விழாமல் சூரியனுக்கு முதுகைக் காட்டி நில்லுங்கள். இதை மறந்தால் நிறம் ஏமாற்றும். ஆறு இலையாவது அட்டையின் 4ஆம் எண் பச்சைக்குக் கீழே இருந்தால் யூரியா போடலாம். வெள்ளைப் பொன்னி ரகத்துக்கு 3தான். பச்சை குறைவு என்று பயந்து அள்ளிப் போட்டால் பயிர் சாய்ந்துவிடும்.

பூச்சி, நோய்: அட்டைதான் மேல். யூரியா தரும் தழைச்சத்து மிஞ்சிய பயிரைப் புகையானும் குலைநோயும் விடாது.

வெளியூரில் இருந்துகொண்டு ஆள் வைத்துப் பார்ப்பவருக்கு நாள் கணக்கே சரி. தினம் வரப்பில் நடப்பவர் அட்டையை வாங்கிவிடலாம். அப்புறம், துத்தநாகம் குறைந்தாலும் இலை வெளுக்கும். அதற்கு யூரியா மருந்தில்லை.