68,000 ரூபாய் வாங்கிக்கொண்டு செல்லாத பரீட்சை வவுச்சர் கொடுத்தார்கள்: சிசிஎன்பி நெட்வொர்க்கிங் பரீட்சை எழுதப்போகிறவர்கள் படியுங்கள்

இன்று மத்தியானம் அந்தப் பயிற்சி மையத்தின் வாட்ஸ்அப் குரூப்பிலிருந்து என்னைத் தூக்கிவிட்டார்கள். நம்பரையும் பிளாக் செய்துவிட்டார்கள். 68,000 ரூபாய்! காரைக்குடி, தேவகோட்டை, புதுவயல் பக்கம் இருந்து நெட்வொர்க்கிங் படிக்கக் கிளம்பும் பிள்ளைகள் யாரும் அடுத்து மாட்டக்கூடாது. புகார் கொடுக்கப்போவதால் பெயர் போடவில்லை. காரைக்குடியில் மாடியில் நடக்கிற ஒரு கம்ப்யூட்டர் பயிற்சி மையம், அவ்வளவுதான் சொல்வேன்.

நான் எழுத நினைத்தது 350-401 என்கோர், சிஸ்கோ நிறுவனத்தின் நெட்வொர்க்கிங் பரீட்சை. என்டர்பிரைஸ் பிரிவில் சிசிஎன்பி சான்றிதழுக்கும் அது கட்டாயம், அதற்கும் மேலான சிசிஐஇயின் லேபுக்கு, அதாவது செய்முறைப் பரீட்சைக்கு, போகவும் அதில்தான் தேற வேண்டும். 120 நிமிடப் பரீட்சை, கட்டணம் மட்டும் 400 டாலர், வரி தனி. அதனால்தான் "பயிற்சி, நிஜ ராக், பரீட்சை வவுச்சர் எல்லாம் சேர்த்து 68,000" என்று அவர்கள் சொன்னது நியாயமாகப் பட்டது. ராக் என்றால் நிஜ ரூட்டர், ஸ்விட்சுகளை அடுக்கி வைத்த சட்டகம்.

ஆத்தாவையும் அழைத்துக்கொண்டுதான் போனேன், ஆத்தா சீட்டு எடுத்த பணம் அது. உள்ளே கண்ணாடி அறையில் ஸ்விட்சும் ரூட்டரும் அடுக்கி, பச்சை விளக்குகள் மின்னிக்கொண்டிருந்தன. "தம்பி, ராத்திரி ரெண்டு மணிக்கும் வீட்டிலிருந்தே இதில் லாகின் பண்ணலாம்" என்றார் மையத்து ஆள் ஒருவர். பிறகு ஆத்தாவிடம் திரும்பி, "ஆச்சி, நீங்க எந்தக் கோயில்?" என்று கேட்டார். மாத்தூர் என்றதும், "அட, நாங்களும் மாத்தூர் கோயில்தான்! பங்காளி வீட்டுப் பிள்ளைக்கு நான் பொறுப்பு, நீங்க கவலையே படாதீங்க" என்று எழுந்து நின்று கும்பிட்டார். எங்கள் நகரத்தாரில் ஒரே கோயில் என்றால் பங்காளிகள், ஆத்தா அதற்குமேல் ஒரு கேள்வி கேட்கவில்லை. 40,000 ஜிபேயில், 28,000 ரொக்கம். ஜிபே போனது மையத்தின் கணக்குக்கு இல்லை, அந்த ஆளின் சொந்த நம்பருக்கு. "மையத்துக் கணக்கில் ஏதோ பிரச்சினை, அப்புறம் மாத்திக்கிறேன்" என்றார். கையில் கொடுத்த ரசீதில் ஜிஎஸ்டி எண்ணே கிடையாது. கோயில் பேரைச் சொல்லி ஏமாற்றியதைத்தான் என்னால் தாங்கவே முடியவில்லை.

முதல் நாள் ராத்திரி லாகின் செய்து, என்ன கருவி என்று காட்டும் ஷோ வெர்ஷன் கட்டளையை அடித்தேன். ஐஓஎஸ்வி என்று வந்தது. அதாவது ராக்கும் இல்லை ஒன்றும் இல்லை, ஒரு கம்ப்யூட்டரில் ஓடும் எமுலேட்டர், ரூட்டர்போல நடிக்கும் மென்பொருள். எமுலேட்டரில் படிப்பது தப்பே இல்லை, அந்த வகை மென்பொருளான ஜிஎன்எஸ் 3-உம் ஈவ்-என்ஜியின் கம்யூனிட்டி பதிப்பும் இலவசமாகவே கிடைக்கின்றன. ஆனால் இவர்கள் காசு வாங்கியது நிஜ ராக்குக்கு. அதுவும் நாலைந்து பேர் சேர்ந்து நுழைந்தால் தொங்கிவிடும்.

வகுப்பைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஓஎஸ்பிஎஃப் (ரூட்டர்கள் வழிகளைப் பகிர்ந்துகொள்ளும் முறை) லேபில் இரண்டு ரூட்டர்களுக்கு இடையே நெய்பர் உறவு, எக்ஸ்ஸ்டார்ட் என்கிற பாதி நிலையிலேயே நின்றுவிட்டது. காரணம் கேட்டேன். "ரீலோட் பண்ணுங்க" என்றார் பயிற்சியாளர். பண்ணினோம், மறுபடி அதே எக்ஸ்ஸ்டார்ட். இரண்டு பக்கமும் எம்டியு, அதாவது ஒரே தடவையில் அனுப்பக்கூடிய பாக்கெட்டின் உச்ச அளவு, வேறு வேறாக இருந்தால் இப்படித்தான் நிற்கும் என்று நானே தேடிப் படித்துத் தெரிந்துகொண்டேன். ஐபிஜிபி என்கிற இன்னொரு ரூட்டிங் முறையில் நெக்ஸ்ட் ஹாப், அதாவது அடுத்து அனுப்ப வேண்டிய முகவரி, ஏன் மாறுவதில்லை என்று கேட்டதற்கு, "அதெல்லாம் பரீட்சையில் வராது" என்றார். ரூட்டிங் சொல்லிக்கொடுக்கிறவர் பேசுகிற பேச்சா இது?

பிறகு வவுச்சர், அதாவது பரீட்சைக் கட்டணத்துக்குப் பதிலாகப் போடும் கோடு. பரீட்சை நடத்தும் பியர்சன் வியூ தளத்தில் தேதி தேர்வு செய்து, பணம் கட்டும் இடத்தில் அந்தக் கோடைப் போட்டால் செல்லாது என்று வந்தது. போன் போட்டேன். "அக்கவுண்ட்ஸில் சொல்லியிருக்கேன்." "சார் மீட்டிங்கில் இருக்கார்." "திங்கட்கிழமை வாங்க." திங்கட்கிழமை போனால், "சார் பழனிக்குக் காவடியோடு நடக்கிறார், தைப்பூசம் முடிந்துதான் வருவார்." தைப்பூசம் முடிந்து போனால் மையத்தில் இருந்த பெண் என்னை முதல்முறை பார்ப்பதுபோல், "நீங்க எந்த பேட்ச்?" என்று கேட்கிறது. கடைசியில் வவுச்சருக்குப் பதிலாக ஒரு பிடிஎஃப் அனுப்பினார்கள். டம்ப், அதாவது கசிந்த பரீட்சைக் கேள்விகளின் தொகுப்பு. "இதை மனப்பாடம் பண்ணுங்க, பாஸ் நிச்சயம்" என்று ஒரு செய்தி. பரீட்சைக்கு உட்காரும் முன், கேள்விகளை வெளியே சொல்லமாட்டோம் என்ற ஒப்பந்தத்தை ஏற்றுக்கொண்டுதான் தொடங்குகிறோம், டம்ப் வைத்து எழுதியது தெரிந்தால் சான்றிதழும் போகும், மேற்கொண்டு எழுதவும் தடை வரும். ஒரு பிள்ளையின் வேலை வாழ்க்கையையே கெடுக்கிற விஷயத்தை இலவச இணைப்பு மாதிரி அனுப்புகிறார்கள். பணத்தைத் திருப்பிக் கொடுங்கள், 68,000 என்று எழுதினேன். அதற்கு வந்த பதில்தான் குரூப்பிலிருந்து தூக்கியது.

என்ன செய்யலாம் என்று விளக்கமாக எழுத நினைத்தேன், இப்போது மனசு ஓடவில்லை. பரீட்சைக் கட்டணத்தை யார் கையிலும் கொடுக்காதீர்கள், உங்கள் பெயரில் கணக்கு தொடங்கி நீங்களே கட்டுங்கள். தனிநபர் நம்பருக்குப் பணம் போடச் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். ராக் என்று காட்டினால் அங்கேயே லாகின் செய்து ஷோ வெர்ஷன் அடிக்கச் சொல்லுங்கள். டம்ப் வந்தால் திறக்காதீர்கள், ஸ்கிரீன்ஷாட் மட்டும் எடுத்து வையுங்கள்.

ஏற்கெனவே ஏமாந்தவர்கள் 1915க்குக் கூப்பிடுங்கள், நுகர்வோர் உதவி எண். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் வரையிலான வழக்குக்குக் கட்டணம் கிடையாது, 2 வருடத்துக்குள் போட வேண்டும். நான் ரசீது, ஜிபே பதிவு, ஸ்கிரீன்ஷாட் எல்லாம் எடுத்துக்கொண்டு இந்த வாரமே சிவகங்கை போகிறேன். அதே மையத்தில் பணம் கட்டியவர்கள் யாராவது இருந்தால் தனிச்செய்தியில் சொல்லுங்கள், சேர்ந்தே போடலாம்.